மெட்ராஸிலிருந்து சிங்கப்பூருக்கு நூல் பிடித்தது

அறுபதுகளின் நடுவில் ஒரு ரமலான் மாதம், என் தம்பிக்குச் சிங்கப்பூரிலிருந்து பிளேன் டிக்கெட் வந்தது. ஜெகதாப்பட்டினத்திலிருந்து அதுவரை கடல் கடந்து சபர் போனவர்கள் எல்லாரும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, ஒரு வாரம் வாந்தி எடுத்துக்கொண்டே போனவர்கள். அங்கே அவன் வேலைக்குச் சேரவிருந்த கடையின் முதலாளிக்கு என்ன அவசரமோ, இவனை வானத்தில் வரச் சொல்லிவிட்டார். எத்தனை மைல், எத்தனை மணி நேரம் என்று தெருவே என்னைத்தான் கேட்டது. நான் பூகோள வாத்தியார். தெரியாது என்று சொல்ல முடியுமா?

பள்ளிக்கூடத்து அட்லஸை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். உம்மாவின் தையல் நூலை மெட்ராஸிலிருந்து சிங்கப்பூர் வரை இழுத்துப் பிடித்து, ஓரத்தில் இருந்த மைல் அளவில் வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய ஆயிரத்தெண்ணூறு மைல். பிளேன் மணிக்கு நானூறு மைல் போகும் என்று பேப்பரில் படித்திருந்தேன். அப்படியென்றால் நாலரை மணி நேரம். எனக்கே நம்பிக்கை வராமல் மறுபடி அளந்தேன். எங்கள் ஊரிலிருந்து மெட்ராஸ் போய்ச் சேரவே அதைப்போல மூன்று மடங்கு ஆகும்.

உம்மாவுக்கு மைலெல்லாம் வேண்டாம். "புள்ள நோன்போட போறான். எத்தன மணிக்குத் தொறப்பான், அதச் சொல்லு" என்றார்.

தம்பி ஏழு வயதில் முதல் நோன்பு பிடித்த நாளிலிருந்து, பேரீச்சம்பழத்தை அவன் வாயில் வைத்துவிட்டுத்தான் உம்மா தன் நோன்பைத் திறப்பார். பயணத்தில் நோன்பை விடலாம் என்று நான் சொன்னதை இருவருமே காதில் வாங்கவில்லை. கையால் ஊட்ட முடியாவிட்டாலும், அவன் திறக்கிற அதே நேரத்தில் தானும் திறக்கவேண்டும் என்பது உம்மாவின் பிடிவாதம்.

"டிக்கெட்ல ரெண்டரைன்னு போட்டிருக்கு. ஏழு மணிக்கு எறங்குவான். பிளேன்ல பாங்கு ஏது? எறங்கித்தான் தொறப்பான்" என்றேன், நூலைச் சுற்றிக்கொண்டே, பெரிய மேதை மாதிரி.

அவன் பிளேன் ஏறிய அன்று, எங்கள் பள்ளிவாசலில் பாங்கு சொன்னபோது மணி ஆறு தாண்டியிருந்தது. நாங்களெல்லாம் கஞ்சி குடித்தோம். உம்மா தொடவில்லை. பக்கத்து வீட்டு மாமி வந்து, "பாங்கு சொன்ன பெறகு நோன்ப நீட்டக் கூடாதுங்க" என்று சத்தம் போட்டும் அசையவில்லை. உதடெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது. ஏழு அடித்த பிறகுதான் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. உம்மாவுக்கு நான்தான் வாசிக்கவேண்டும்.

"உம்மா, கிழக்கே போகப் போகச் சூரியன் சீக்கிரமே அடைந்துவிட்டது. என் கடிகாரத்தில் நம்மூர் மணி ஐந்தேகால்தான். பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலைக் காட்டி, நோன்பைத் திற தம்பி என்றார். நீங்கள் கொடுத்துவிட்ட பேரீச்சம்பழத்தைச் சாப்பிட்டேன். அப்போது நீங்கள் கஞ்சியையே அடுப்பிலிருந்து இறக்கியிருக்க மாட்டீர்கள்."

கடிதத்தை மடித்து வைத்தேன். கிழக்கேதான் முதலில் விடியும், முதலில் அடையும் என்று வருஷா வருஷம் எட்டாம் வகுப்பில் கத்துகிறவன் நான். அட்லஸைப் பார்த்தபோது அது புத்திக்கு எட்டவில்லை. வெட்கமாக இருந்தது. "தப்பு என்னோடது உம்மா. ஒங்கள வீணாக் காயப் போட்டுட்டேன்" என்றேன்.

உம்மா கடிதத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். "அப்ப நான் காத்துக் கெடந்த நேரத்துல அவனுக்குப் பசிக்கல?"

"இல்ல உம்மா. அதுக்கு முன்னாடியே சாப்பிட்டுட்டான்."

"பெறகு என்னத்துக்கு மூஞ்சியத் தொங்கப் போடுற? ஏழு மணி வரைக்கும் அவன் அங்க காஞ்சு கெடக்கானேன்னுதான் அன்னிக்கு எனக்குத் தண்ணி எறங்கல."