தண்ணீர்ப் பக்கத்துக் கல்

சீனாவின் சூச்சோ நகரத்துக் கண்ணாடிக் கோபுரங்களிலிருந்து அரை மணி நேரத்தில் சிங்வான் வந்துவிடும். அங்கே கால்வாய்தான் தெரு. படகோட்டும் பெண்களில் மூத்தவள் தாவ் யூஃபென், வயது அறுபத்தொன்று. பயணிகளை ஏற்றிக்கொண்டு தினமும் நான்கு நடை போவாள். ஒவ்வொரு நடையிலும் வெள்ளைச் சுவர் வைத்த ஒரு பெரிய வீட்டெதிரே துடுப்பை நிறுத்தி, மனப்பாடமாகச் சொல்வாள்: "இது லூ குடும்பத்து மாளிகை. என் புருஷனோட முன்னோருங்க இங்கதான் படகுக்காரங்களா வேலை பாத்தாங்க."

அது பச்சைப் பொய். வீடு அவள் கணவன் ஷென்னுடையது. அந்த வீட்டுப் படித்துறையில்தான் அவள் மணப்பெண்ணாகப் படகிலிருந்து இறங்கினாள். கணவன் செத்த வருடம் அவனுடைய கூட்டாளி லூ பாவ்கென் வந்து, கூரை விழப்போகிறது, பிள்ளையில்லாதவள் நசுங்கிச் சாகாதே என்று பயம் காட்டி வீட்டை வாங்கிக்கொண்டான். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் வீட்டை விடுதியாக்கியவன், அதைத் தன் பரம்பரைச் சொத்து என்று ஊரை நம்பவைத்தான். படகுக் குழுவுக்கும் அவனே தலைவன் ஆனதும், அந்தப் பொய்யை அவள் வாயாலேயே சொல்லவைத்தான். சொல்லாவிட்டால் படகு இல்லை. ஆறு வருடமாக அந்தச் சொல் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

சிங்வானில் எல்லா வீட்டுச் சுவரின் அடியிலும் குடும்பப் பெயர் வெட்டிய எல்லைக்கல் இருக்கும். இந்த வீட்டு வாசல் சந்துப் பக்கத்துக் கல்லைப் பாவ்கென் உளியால் கொத்தி, மேலே சுண்ணாம்பு பூசிவிட்டான். அவன் வளர்ந்தது கால்வாய் தொடாத மேட்டுச் சந்தில். தண்ணீரை ஒட்டிய வீட்டுக்கு வாசலில் ஒன்று, தண்ணீர்ப் பக்கம் ஒன்று எனக் கல் இரண்டு என்பது அவனுக்கு உறைக்கவேயில்லை. யூஃபென்னுக்குத் தெரியும். புதுப்பெண்ணாகப் படித்துறையில் கீரை அலசிய ஒரு வறண்ட குளிர்காலத்தில் கணவன் காட்டியிருக்கிறான். பிற்பாடு பயணிகள் படகுக்காக மதகை அடைத்துத் தண்ணீரை ஏற்றியே வைத்ததில் கல் முங்கிப்போயிற்று. வெளியே சொன்னால் அதையும் கொத்திவிடுவான் என்று அவள் வாயைத் தைத்துக்கொண்டாள்.

இந்தக் குளிர்காலத்தில் மாவட்ட அலுவலகம் விடுதிக்குப் 'பாரம்பரிய வீடு' என்று பலகை கொடுப்பதாக இருந்தது. அதிகாரிகள் வருமுன் படித்துறையைச் செப்பனிட வேண்டும் என்று பாவ்கென்னே மதகைத் திறக்கச் சொன்னான். தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? தண்ணீர் ஒரு முழம் இறங்கியது.

அந்த வாரம்தான் இனெஸ் வந்தாள். போர்ச்சுகல்காரி, தன் ஊரில் சீன எழுத்து கற்பிப்பவள். மற்றப் பயணிகள் பன்றித்தொடைக் கறியும் தேநீருமாக அலைய, இவள் சந்து சந்தாகக் குனிந்து கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரி காதுத்தோட்டைத் தொலைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று படகுப் பெண்கள் கேலி பேசினார்கள். மூன்றாம் நாள், பாவ்கென்னின் விடுதிச் சுவரில் பூச்சு உதிர்ந்த மூலையொன்றில் விரல் வைத்து, இங்கிருந்த எழுத்தை யார் கொத்தியது என்று அவள் யூஃபென்னிடம் கேட்டாள்.

யூஃபென் அக்கம்பக்கம் பார்த்தாள். தான் சொன்னால் வயிற்றெரிச்சல் பிடித்தவளின் புலம்பல் என்பார்கள். இவள் வாசித்தால் ஊரே காது கொடுக்கும்.

"நாளைக்குப் பத்து மணிக்கு என் படகுல வாங்க. கொத்தாத கல் ஒண்ணு காட்டறேன்."

பத்து மணிக்குப் படித்துறையில் அதிகாரிகள் கூடியிருந்தார்கள். சிவப்புத் துணி மூடிய பலகைக்குப் பக்கத்தில் பாவ்கென் புதுக் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றான். யூஃபென் படகை நேரே சுவரின் மூலைக்கு விட்டு, தேங்காய்நாரால் பாசியைத் தேய்த்தாள். இனெஸ் குனிந்து, வகுப்பில் வாசிப்பதுபோல உரக்க வாசித்தாள்.

"ஷென் குடும்பத்துச் சுவர் எல்லை."

அதிகாரிகள் படி விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்து செருகிய கல் என்றான் பாவ்கென். இனெஸ் விடவில்லை. எழுத்து இருப்பது அஸ்திவாரக் கல்லில், அதன்மேல்தான் முழுச் சுவரும் உட்கார்ந்திருக்கிறது என்று தொட்டுக் காட்டினாள். தலைமை அதிகாரியம்மாள் கடைசிப் படிவரை இறங்கி வந்து பார்த்தாள். உண்மையை ஒழுங்காக எழுதி, ஷென் வீட்டு ஆள் அதில் கைநாட்டு வைக்கும்வரை பலகையும் இல்லை, விடுதியும் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

ஷென் வீட்டில் மிஞ்சிய ஆள் ஒருத்திதான்.

மதியம் பாவ்கென் தேடி வந்தான். யூஃபென் படகில் உட்கார்ந்து, மூங்கில் இலையில் கட்டிய சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நடந்தது நடந்துபோச்சு. வீட்டுல பாதிய எழுதித் தரேன்."

"வீடு வேணாம். நாளைக்குப் படகுல ஏறு."

"எதுக்கு?"

"ஆறு வருஷம் நான் சொன்னேன்ல? இனிமே நீ சொல்லு. அப்புறம் கைநாட்டு வைக்கறேன்."

மறுநாள் முதல் நடையில் எட்டுப் பயணிகள், நடுவே பாவ்கென். இனெஸ் யூஃபென்னுக்குப் பக்கத்தில் இருந்தாள். வீட்டெதிரே துடுப்பு நின்றது. பாவ்கென் தன் செருப்பைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தான். காதில் விழவில்லை என்றாள் யூஃபென்.

"இது ஷென் குடும்பத்து வீடு," என்றான் அவன். "எங்க முன்னோருக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நான் சொன்னது பொய்."

படித்துறையில் துணி துவைத்தவர்கள் சிரித்தார்கள். யூஃபென்னுக்கு நெஞ்சு குளிர்ந்தது. துளி இரக்கம் வரவில்லை, வராததற்கு வெட்கமும் இல்லை. பயணிகளை இறக்கிவிட்டு, அடுத்த கூட்டத்தைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். பாவ்கென் எழுந்திருக்கப் பார்த்தான். உட்கார் என்று துடுப்பால் படகுப் பலகையைத் தட்டினாள். அவன் முகம் வெளுத்திருந்தது. இனெஸ் அதைப் பார்த்து, யூஃபென்னின் கையைத் தொட்டாள்.

"அக்கா, அவர்தான் சொல்லிட்டாரே. போதுமே."

"நீங்க இறங்கிக்கங்க, தங்கச்சி," என்றாள் யூஃபென். "எங்களுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கு."