இரண்டு சாப்பாட்டுப் பையோடு ஒரு நடை

“…நடக்கச் சொன்னது அவளை, அக்கா, என்னை இல்லை. நான் இந்த வாங்கிலேயே இருக்கிறன், நீங்கள் போயிட்டு வாங்கோ.”

சொன்னவள் எங்கள் முன்வீட்டுக்காரி. கொலம்பியாவில் பிறந்து, சுவிஸில் லாங்கன்தால் ஊரில் எங்கள் கதவுக்கு எதிர்க் கதவில் குடியிருப்பவள். ‘அக்கா’ மட்டும்தான் அவளுக்குத் தெரிந்த தமிழ். மற்றதெல்லாம் உடைந்த ஜெர்மன். என்னுடையதும் அப்படித்தான். இரண்டு உடைசலும் சேர்ந்தால் ஒரு முழுப் பாஷை ஆகிவிடும். அதை என் தமிழில் எழுதுகிறேன்.

‘அவள்’ என்றது தன் மகளை. பதினொரு வயது. நீச்சல் வகுப்பில் யாரோ வயிற்றைப் பார்த்துச் சிரித்த பிறகு நீச்சலை விட்டாள், ஓட்டத்தை விட்டாள், துள்ளலை விட்டாள். எடை ஏறிக்கொண்டே போனது. பிள்ளை வைத்தியர் தாயையும் மகளையும் ஒன்றாக இருத்தி வைத்துச் சொன்னாராம்: இது பிள்ளையின் குற்றம் இல்லை, அவளுக்குத் தனிச் சமையலும் வேண்டாம், பட்டினியும் வேண்டாம், இனிப்புப் பானத்தை விட்டு வீட்டில் எல்லோரும் தண்ணீர் குடியுங்கள், எல்லோரும் சேர்ந்து நடங்கள். மகள் அந்த ‘எல்லோரும்’ என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா நடந்தால் நானும் நடப்பன். அம்மா நிண்டால் நான் வீட்டை போயிடுவன். பிறகு என்னைக் கூப்பிடவே கூடாது.”

துணைக்கு என்னையும் என் மனுசனையும் கூப்பிட்டாள் தாய். பிழை அங்கேதான் தொடங்கியது. யாழ்ப்பாணத்தாரை நடக்கக் கூப்பிட்டால் அது பயணம். பயணம் என்றால் சாப்பாட்டுப் பை. நான் காலமை எழும்பி கட்லட், ரோல்ஸ், தயிர்ச்சோறு என்று கட்டி முடித்தேன். “நடக்கப் போறமோ, கலியாணத்துக்குப் போறமோ?” என்று கேட்டுக்கொண்டே என் மனுசன் பையைத் தூக்கினார். எதிர்க் கதவு திறந்தது. அங்கும் ஒரு பை. அது நிறைய எம்பனாடா, மாவுக்குள் இறைச்சி வைத்து மடித்துப் பொரித்தது.

“நீங்கள் சாப்பாட்டை மறந்துபோடுவியளோ எண்டு பயந்துபோனன்,” என்றாள் முன்வீட்டுக்காரி.

எங்கள் பை அவள் பையைப் பார்த்தது. மாடிப்படியிலேயே சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்துவிட்டது.

ஊர் முடிந்ததும் காட்டுப் பாதை. வழி காட்டும் மஞ்சள் பலகை, மேட்டின் உச்சிக்கு முக்கால் மணித்தியாலம் என்றது. அது சுவிஸ்காரரின் காலுக்குப் போட்ட கணக்கு. மூன்று பெரியவர்களும் பைகளோடு இழுபட, பிள்ளை வெறுங்கையை வீசிக்கொண்டு முன்னால் போய் வளைவுக்கு வளைவு நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தாள். என் மனுசன் மரத்துக்கு மரம் நின்று, காளான் பார்ப்பதுபோல நடித்து மூச்சு வாங்கினார்.

“அதில காளானே இல்லை,” என்றாள் பிள்ளை.

பாதி வழியில் அந்த வாங்கு, நாலு பேர் இருக்கக்கூடிய நீள மர இருக்கை. இருந்து சாப்பிட்டோம். “இன்னும் ஒண்டு எடு பிள்ளை” என்று சொல்லத் திறந்த என் வாயை மனுசன் ஒரு ரோல்ஸை வைத்து அடைத்தார். அவள் தனக்கு வேண்டியதைத் தின்று, தண்ணீர் குடித்து, எழும்பி நடந்தாள். நாங்கள் எழும்பவில்லை. எழும்ப முடியவில்லை என்பதுதான் உண்மை.

நானாவது சும்மா இருந்திருக்கலாம். “உண்ட களை தொண்டருக்கும் உண்டு எண்டு எங்கட ஊரில சொல்லுவினம்” என்று எடுத்துவிட்டேன். கோயிலே கதியென்று கிடக்கிற அடியாருக்கும் சாப்பிட்டால் கண் சொருகும் என்பதை ஜெர்மனில் விளக்கக் கையும் தலையும் ஆட வேண்டியிருந்தது. முன்வீட்டுக்காரி தொடையில் தட்டிச் சிரித்தாள். தங்கள் ஊரில் ‘வயிறு நிறைந்தால் மனசு மகிழும்’ என்பார்களாம். பழமொழிக்குப் பழமொழி கொடுத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டுதான் அவள் அப்படிச் சொன்னாள், நடக்கச் சொன்னது தன்னை இல்லையென்று.

மேலே வளைவில் மகள் நின்றாள். இந்த முறை சிரிக்கவில்லை. தாயின் வெறுங்காலைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்கு இறங்கும் பாதையைப் பார்த்தாள்.

“இஞ்சேரும், பிள்ளை இறங்கப் போகுது,” என்றார் என் மனுசன் மெல்ல.

முன்வீட்டுக்காரி ஸ்பானிஷில் தன்னைத்தானே ஏதோ திட்டிக்கொண்டு எழும்பினாள். ஒரு சப்பாத்து காலில் ஏறியது. மற்றது வாங்கின் அடியில் எங்கோ போய்விட்டது. அதைத் தேட அவள் குனியவில்லை. ஒற்றைச் சப்பாத்தோடு, மகளின் பெயரைக் கூவிக்கொண்டு, மேட்டில் ஓடினாள்.