எங்கே நின்று எடுத்த படம்?

ஓசூரில் நானும் ஒரு கோவில்பட்டிக்காரனும் ஒரே அறையில் இருந்தோம். சேர்ந்து இருந்தோம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். வண்டி தயாரிக்கும் ஒரே கம்பெனிதான், ஆனால் எனக்குக் காலை ஷிஃப்ட் என்றால் அவனுக்கு மதியம். வாரம் திரும்பினால் அவனுக்குக் காலை, எனக்கு மதியம். ஞாயிற்றுக்கிழமை நான் சொந்த ஊரான மத்தூருக்கு ஓடிவிடுவேன். வீட்டுக்கார அம்மா தெலுங்குக்காரர். ஒருநாள் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டார்: "ஏமப்பா, ரெண்டு பேருன்னுதானே ரூம்பு எடுத்தீங்க? எப்பப் பார்த்தாலும் ஒருத்தன்தான் கண்ணுல படறான். ஒரே ஆளுதான் சட்டை மாத்திப் போட்டுகினு வரானா?"

அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அவனுடையது. அதில் பெங்களூரிலிருந்து யாரோ கொண்டுவந்த ஒரு கார் பந்தய ஆட்டம். எனக்கு ஓட்டத்தைவிட அதிலிருந்த ஒரு வசதிதான் பிடித்துப்போனது. பந்தயத்தின் நடுவில் ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாம் அப்படியே நின்றுவிடும். கிளம்பிய தூசிகூடக் காற்றில் நிற்கும். அப்போது கேமராவை மட்டும் தனியாகக் கழற்றிக்கொண்டு காரைச் சுற்றி வரலாம், ஏறலாம், இறங்கலாம், பிடித்த இடத்தில் படம் எடுத்துக்கொள்ளலாம். நான் காரை விட்டுவிட்டு அந்த ஊரைப் பார்க்கப் போய்விடுவேன். கடைகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை, வெறும் அட்டைதான். அதைத் தெரிந்துகொள்வதிலும் ஒரு திருப்தி இருந்தது.

எப்படித் தொடங்கியது என்று நினைவில்லை. ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வந்தால் திரையில் அவன் எடுத்த படம் ஒன்று திறந்து கிடந்தது. ஓரத்தில் கோணல்மாணலாக, "எங்கன?" என்று மவுஸால் எழுதியிருந்தான். நான் அந்த ஊர் முழுக்க ஓட்டிப்போய் அதே இடத்தைக் கண்டுபிடித்து, அதே கோணத்தில் ஒரு படம் எடுத்து அவன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். கூடவே என் பங்குக்கு ஒன்று. அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் இப்படித்தான். யார் சமைப்பது, யார் தண்ணீர் பிடிப்பது என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். அதுவரை இரண்டு பேருமே எதையும் கண்டுபிடிக்காமல் விட்டதில்லை.

அப்புறம் அந்தப் படம் வந்தது.

மேலே முழுக்கக் கருப்பு. கீழே சாம்பல் நிறத் தரை. இரண்டுக்கும் நடுவே படுக்கைவாட்டில் ஒரு வெளிச்சக் கீற்று. அந்தக் கீற்றுக்குள் மஞ்சள் சுவர் ஒரு துண்டும் ஏதோ மரத்தின் அடிப்பாகமும். நான் பார்த்த மாத்திரத்தில் குகைப்பாதை என்று முடிவு கட்டினேன். ஆட்டத்தில் இருந்த குகைப்பாதை ஒவ்வொன்றிலும் நுழைந்து, வாசலில் நின்று, திரும்பி நின்று பார்த்தேன். மஞ்சள் சுவர் எங்கேயும் இல்லை.

படத்தை செல்போனில் ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் காட்டினேன். போன் முன் சீட்டிலிருந்து கடைசி சீட்டுவரை போய் வந்தது.

"இது கிருஷ்ணகிரி டேம் மதகு. உள்ள பூந்து எடுத்துக்கிறான்," என்றார் ஒருவர்.

காட்டை ஒட்டிய ஜவளகிரிக்காரர் ஒருவர் போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "கரடி குகை உள்ளாற இருந்து பாத்தா இப்பிடித்தான் தெரியும்."

"நீ பாத்திருக்கியாண்ணா?"

"பாத்தவன் எவன்டா திரும்பி வந்து சொன்னான்?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "எங்க சூப்பர்வைசர் கொட்டாவி விடும்போது எடுத்ததுப்பா அது. பல்லு தெரியுது பாரு."

அந்தப் புதன்கிழமை கம்பெனி கேட்டில் அவனைப் பார்த்தேன். நான் வெளியே வருகிறேன், அவன் உள்ளே போகிறான். வழியிலேயே நிறுத்தினான்.

"எலேய், போச்சம்பள்ளில வேலை கெடச்சிருச்சு. ஞாயித்துக்கெழம டெம்போ வருது. கம்ப்யூட்டரையும் தூக்கிட்டுப் போறேன்."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. என் வாயில் வந்ததோ, "அப்ப அந்தப் படம்?"

"அதுவும் என்கூட வருது."

"எங்கன்னு சொல்லிட்டுப் போடா. இல்லன்னா எதனா க்ளூ குடு."

"சொல்லிட்டா சப்புன்னு போயிரும்லே," என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டான்.

சனிக்கிழமைக்குள் தெரியாவிட்டால் எப்போதுமே தெரியப்போவதில்லை. போச்சம்பள்ளி எங்கள் மத்தூருக்குப் பக்கம்தான் என்றாலும் இதற்காகப் போய்க் கேட்க முடியாது. கேட்டாலும் தோற்றவன் கேட்டதாகத்தான் இருக்கும். வியாழனும் வெள்ளியும் மலைப்பாதை, பாலத்தடி எல்லாம் அலசினேன். தூக்கத்திலும் மஞ்சள் சுவர் வந்தது.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறும்போது கையிலிருந்த டிபன் பாக்ஸின் மூடி நழுவி, உருண்டு, நேராக பஸ்ஸுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. நான் தரையில் கவிழ்ந்து கையை நீட்டினேன். மூடி எட்டவில்லை. தலையை உள்ளே விட்டேன். மேலே கருப்பு. கீழே சாம்பல் நிறத் தரை. நடுவே, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வெளிச்சக் கீற்று. அதில் யாருடைய கால்களோ.

"யோவ், வண்டிய எடுக்கணும்! அடியில இன்னாய்யா பண்ற?" என்று டிரைவர் கத்தினார்.

நான் பெயின்ட் பிரிவில் இருந்தவன். ட்யூப்லைட் வெளிச்சத்தில் கதவையும் பானெட்டையும் பளபளப்பு பார்த்தே கண் பழகியிருந்தது. அவனுக்கு வேலை வண்டி பூட்டுகிற லைனுக்கு அடியில், பள்ளத்துக்குள். வண்டி தலைக்கு மேலே வந்து நிற்கும், அண்ணாந்து போல்ட் முடுக்குவான். எட்டு மணி நேரமும் அவன் பார்ப்பது வண்டியின் வயிற்றைத்தான். இது எனக்குத் தெரியாத விஷயமா என்ன? தெரிந்துதான் கரடி குகைவரை போய் வந்திருந்தேன்.

அறைக்கு வந்ததும் சாப்பிடாமல் உட்கார்ந்தேன். ஆட்டம் தொடங்கும் இடத்திலேயே கேமராவைக் கழற்றிக் காருக்கு அடியில் விடப் பார்த்தேன். ஒரு மட்டத்துக்குக் கீழே அது இறங்கவில்லை. நான்கைந்து முறை முட்டியபின், காரை மெதுவாக நகர்த்தி இரண்டு சக்கரங்களை நடைபாதை மேட்டில் ஏற்றினேன். ஜாக்கி வைத்ததுபோல வண்டி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. கேமரா உள்ளே நுழைந்தது. அந்தப் பக்கத்தில் பெட்ரோல் பங்கின் மஞ்சள் சுவர். பக்கத்தில் மரம். ஒவ்வொரு முறையும் கார் புறப்படுகிற இடம். நான் ஒரு வாரமாக அங்கிருந்துதான் அவசர அவசரமாகக் கிளம்பிப் போயிருக்கிறேன். படம் எடுத்து, அவன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

ஞாயிறு காலை டெம்போ வந்துவிட்டது. நான் ஊருக்குப் போகவில்லை. அவன் கம்ப்யூட்டரைக் கழற்றுவதற்கு முன் படத்தைத் திறந்து, மூக்கு திரையில் இடிக்கும்படி பார்த்தான்.

"ரிஜெக்ட்."

"ஏன்டா?"

"இடது ஓரத்துல டயர் தெரியுதுல்ல? என் படத்துல டயர் இருக்கா? கேமராவ இன்னும் உள்ள விடணும்."

"இடம் கரெக்டா இல்லையா, அதச் சொல்லு."

"இடம் கரெக்ட்டுதான். படம்தான் ரிஜெக்ட். உக்காரு, எடு."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஆட்டம் திறந்து கார் வந்து நின்ற நேரத்தில் கரண்ட் போய்விட்டது. அந்த வருடம் கரண்ட் எப்போது போகும் என்பதுதான் எல்லோருக்கும் ஓரளவு தெரியும். எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது.

டெம்போக்காரர் எட்டிப் பார்த்தார். "அதான் அணைஞ்சிட்டுதே தம்பி, அப்பிடியே தூக்கி வைங்க. எனக்கு இன்னொரு லோடு இருக்குது."

அவன் வயரில் கைவைக்கவே இல்லை. "இருங்கண்ணே. ஒரு போட்டோ பாக்கி."

"போட்டோவா? யாரை?"

"காரை."

டெம்போக்காரர் தெருவைப் பார்த்தார். அவருடைய டெம்போவைத் தவிர அங்கே வேறு வண்டி இல்லை. பிறகு அவரும் உள்ளே வந்து, கட்டி வைத்திருந்த பாய்ச்சுருட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் குகை, கரடி, கொட்டாவி என்று எல்லாக் கதையையும் நான் சொல்லி முடிப்பதற்கும் கரண்ட் வருவதற்கும் சரியாக இருந்தது.

காரை மேட்டில் ஏற்றினேன். கேமராவை இறக்கினேன். என் தோளுக்கு மேலே இரண்டு தலைகள்.

"இன்னும் உள்ள. இன்னும். எலேய், மெதுவா... வலது பக்கம் ஒரு நூலு."

டயர் ஓரத்திலிருந்து விலகி மறைந்தது.

"ம். எடு."

எடுத்தேன்.