பாதி உருகிய ஐஸ்கிரீம்

யார் வீட்டு பிரிட்ஜ் மூச்சை நிறுத்தினாலும் அந்தத் தெருவில் மெக்கானிக்கான அவரைத்தான் கூப்பிடுவார்கள். கதவைத் திறக்குமுன்பே, வருகிற சத்தத்தை வைத்துக் கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவார். சொந்த வீட்டு பிரிட்ஜில் மட்டும் கதவு ரப்பர் பல வருடமாகத் தொய்ந்து கிடந்தது. உள்ளே குளிர் நிற்காது.

"ஊரையே குளிர வைக்கிறாரு. நம்ம வீட்டுல ஐஸ்கிரீமைக் கரண்டி போட்டு ஊத்தணும்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

"நாளைக்கு மாத்திடறேன்" என்பார் அவர். அந்த நாளை வரவேயில்லை.

ஞாயிறு மதியம் அவள் ஐஸ்கிரீம் சோடா போடுவாள். வீட்டில் அதற்கு மிதவை என்று பெயர். ஆளுக்கொரு பக்குவம். பேத்திக்கு மூக்கில் ஏறாமல் இருக்க சோடாவை ஆற்றி ஆற்றிக் காரத்தை எடுத்துவிடுவாள். மகளுக்கு ஆரஞ்சு சோடா. கணவருக்கு வெறும் சோடா, இரண்டு கரண்டி ஐஸ்கிரீம். பல் போன தன் அப்பாவுக்குக் கொஞ்சம் சோடா, நிறைய ஐஸ்கிரீம். கிழவர் கண்ணை மூடிக்கொண்டு, ஸ்ட்ராவில் காற்று இழுபடும்வரை குடிப்பார்.

அந்த வருடம் மழைக்காலம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் கலைந்த பிறகு வீட்டில் மாமனாரும் மாப்பிள்ளையும் மட்டும் மிஞ்சினார்கள். அன்றிலிருந்து கிழவர் வாயைக் கட்டிக்கொண்டார். இரண்டு ஸ்பூன் சூப், அதற்குமேல் தலையாட்டல். இப்படியே போனால் மூக்கில் குழாய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெக்கானிக் பயந்துபோனார். இவரும் போய்விட்டால் அவளைக் குழந்தையாகப் பார்த்த கண் இந்த வீட்டில் இருக்காது.

ஒரு ஞாயிறு மகளும் பேத்தியும் வந்திருந்தார்கள். மெக்கானிக் காலையிலேயே கடைக்குப் போய், மனைவி வாங்கும் அதே ஐஸ்கிரீம், அதே சோடா எல்லாம் வாங்கிவந்து பிரிட்ஜில் வைத்தார். மதியம் எடுத்தால் ஸ்பூன் வளைகிறது. முக்கி முனகிச் செதுக்கி டம்ளரில் போட்டு சோடாவை ஊற்றினார். உருண்டை மேலே ஏறி நின்றது. சுற்றிலும் பனி ஓடு கட்டியது. சோடா தன் பாட்டுக்கு சோடாவாகவே இருந்தது.

கிழவர் ஒரு வாய் இழுத்தார். டம்ளரை மெல்லத் தள்ளி வைத்தார்.

"என்ன மாமா?"

"கல்லைப் போட்டுக் குடுத்திருக்கீங்க மாப்பிள்ளை. எனக்குப் பல்லா இருக்கு?"

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் முழுதாகப் பேசியது அதுதான். பேத்தி தன் டம்ளரை எட்டிப் பார்த்து, "பாட்டி போட்டா ஸ்ட்ராவுலயே ஐஸ்கிரீம் வரும்" என்றது.

மெக்கானிக் பிரிட்ஜ் முன்னால் போய் நின்றார். கதவில் புது ரப்பர் பளபளவென்று கவ்வியிருந்தது. காரியமெல்லாம் முடிந்த மறுவாரம் கை சும்மா இருக்க மாட்டாமல் அவர்தான் மாற்றினார். அவள் கைப்பக்குவம் என்று இத்தனை காலம் நாக்கைச் சப்புக்கொட்டியதில் பாதி, அந்தத் தொய்ந்த ரப்பரின் வேலை. பழையதைக் குப்பையில் போட்டாயிற்று.

"அப்பா, ஏன் அங்கயே நிக்கறீங்க?"

"இதைச் சரி பண்ணியிருக்கவே கூடாதும்மா."

மகளுக்கு ஒரு நொடியில் புரிந்தது. "அதனால என்ன? வெளிய வச்சா உருகிட்டுப் போவுது."

டப்பாவை மேசை நடுவில் வைத்துவிட்டு நான்கு பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். ஐஸ்கிரீம் உருகுவதற்காக அந்த வீட்டில் யாரும் காத்திருந்ததில்லை. டப்பா வேர்த்தது.

"உங்கம்மா பொறுக்கவே மாட்டா" என்றார் கிழவர், டப்பாவைப் பார்த்தபடி. "சின்ன வயசுல ஐஸ்கிரீம் பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பாப்பா. நான் திரும்பினா விரலை விட்டுடுவா. கேட்டா பூனைம்பா. நாங்க பூனையே வளக்கல."

"அம்மாவா?" மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"பெரிய தாத்தா, நானும் விடட்டா?"

"யாரைக் கேக்கற? விடு."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரியாத ஒரு சின்னப் பெண் இப்போது மேசையருகே நின்றுகொண்டிருந்தாள். இவ்வளவு வருடம் கூட இருந்தும் இதை ஏன் தன்னிடம் சொல்லவில்லை, கேட்டால் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஐஸ்கிரீம் ஓரத்தில் குழைந்ததும் புதிதாகப் போட்டார். கிழவர் ஒரு வாய் இழுத்தார். இன்னொன்று. டம்ளர் பாதிக்கு வந்ததும் நிறுத்திச் சுவரைப் பார்த்தார்.

"அவ போட்டது இல்ல."

"இல்ல மாமா."

கிழவர் டம்ளரைத் தள்ளவில்லை. மாப்பிள்ளை பக்கம் நகர்த்தினார். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

அவர் ஊற்றினார். நுரை விளிம்பைத் தாண்டி மேசையில் வழிந்தது. போதும் என்று யாரும் சொல்லவில்லை.