பனிக்கட்டியில் அம்மன் தந்த பதில்

2004ஆம் ஆண்டு மார்கழியில், இங்கே நோர்வேயில், லோறென்ஸ்கூக்கில் ஒரு வீடு பார்க்கப் போகும்போது எங்கள் கார் உறைந்த வீதியில் சறுக்கியது. கார் ஓட்டிய என் கணவருக்குச் சிறு காயம்தான். எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

அதற்குப் பிறகு நான் யாரையும் நம்பவில்லை. அடியார்களே, இதை வெட்கத்தோடுதான் சொல்கிறேன். வெஸ்ட்லியில் எங்கள் ஐந்தாம் மாடி வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்கள் என் நிலையைப் புதினம் பார்க்க வந்தார்கள் என்று நினைத்தேன். கணவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்துவார். குரலைத் தாழ்த்திக் கதைப்பார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் இருந்து அவர் வாயையே பார்ப்பேன். என்னை விட்டுப் போகப் போகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். பிறகு சாப்பாடும் இறங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாமிப்படத்துக்கு முன்னால் இருந்து அழுதேன். "அம்மா, உன்னிலையும் எனக்கு இப்ப நம்பிக்கையில்லை. பொய் சொல்லாத ஒரு ஆளையாவது காட்டு" என்று கேட்டேன்.

அடுத்த வாரம் எனக்கு உடற்பயிற்சி சிகிச்சை தரும் இங்ரிட், கேர்லிங் விளையாட வருகிறாயா என்று கேட்டாள். பனித்தளத்தில் கனத்த கல்லைத் தள்ளி, தூரத்தில் உள்ள வட்டத்துக்குள் நிறுத்தும் விளையாட்டு. சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் நீண்ட தடியால் தள்ளுவார்கள். நோர்வேயில் அது அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. என் கைக்குப் பலம் இருப்பதைக் காட்டி, அரசாங்கம் தரும் உதவிப் பணத்தை நிறுத்தப் பார்க்கிறார்கள் என்று சந்தேகப்பட்டேன். அதைக் கண்டுபிடிக்கத்தான் போனேன்.

அங்கே தாரியே என்ற வயதானவர் இருந்தார். அவரும் சக்கர நாற்காலியில்தான். ஏன் என்னைக் கூப்பிட்டீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டேன்.

"எங்கள் அணியில் எல்லோரும் ஆண்கள். பெண் இல்லாவிட்டால் போட்டியில் சேர்க்கமாட்டார்கள். நீ விளையாடுவாயா என்று எனக்குத் தெரியாது" என்றார்.

ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லை. விபத்துக்குப் பிறகு என்னிடம் உள்ளதை உள்ளபடி சொன்ன முதல் ஆள் அவர்.

கல்லைத் தள்ளும்போது நாற்காலி பின்னால் வழுக்கும். அதனால் இன்னொருவர் பின்னால் இருந்து அதைப் பிடிக்க வேண்டும். தாரியே பிடித்தார். விட்டுவிடுவாரோ என்று ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தேன். கல் எல்லாம் கோணிப் போனது. அவர் பிடியை விடவில்லை. கடைசிக் கல்லுக்கு "அம்மா" என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, திரும்பாமல் தள்ளினேன். அது மெல்லப் போய் வட்டத்தின் ஓரத்தில் நின்றது.

அன்று வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் நேராகவே கேட்டேன், பல்கனியில் யாரோடு கதைக்கிறீர்கள் என்று.

"கனடாவிலை உம்மடை அக்காவோடை. காரை ஓட்டினவன் நான்தானே. நீர் சாப்பிடாமல் கிடக்கிறதைப் பாக்க ஏலாமல் அவவிட்டைச் சொல்லி அழுறனான். உமக்குக் கேக்கக்கூடாதெண்டுதான் வெளியிலை போனனான்."

அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. அன்று இருவரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம்.

இப்போது மூன்று குளிர்காலமாக விளையாடுகிறேன். என் சந்தேகக் குணம் முழுதாகப் போய்விட்டது என்று கோயிலில் நின்று பொய் சொல்லமாட்டேன். இன்றைக்கும் ஆட்களை இரண்டு தரம் பார்ப்பேன். ஆனால் தாயே, நீ எனக்கு வழி காட்டினாய். இந்த வாழ்வு நீ தந்தது.

உங்களில் யாருக்காவது வீட்டில் உள்ளவர்மேலேயே சந்தேகம் இருந்தால், மறைக்காமல் அதை அம்மன் காலடியில் வையுங்கள். பிறகு வீட்டுக்குப் போய், சந்தேகப்படும் ஆளிடமே கேளுங்கள். பதில் வரும்வரை அவள் உங்கள் பக்கத்தில் இருப்பாள்.