முப்பிடாதி ஊற்றிய கொசுறு

"முந்திப் போக வேண்டியவன் எதுக்குலே மறுபடி பட்டைய நீட்டுனான்?" என்று தில்லைநாயகம் பிள்ளை என்னைக் கேட்டார். பக்கத்தில் நின்று பார்த்தவன்தான் நான். ஆனாலும் முப்பிடாதியைப் பற்றிச் சொன்னால்தான் அதற்குப் பதில் விளங்கும்.

செய்துங்கநல்லூர்ச் சாலையோரத்தில் அவள் பதநீர் விற்கிறாள். புருஷன் கொம்பையா பனையேறி இறக்கித் தருவான். அவள் கலயத்தோடு வந்து மரத்தடியில் நிற்பாள். குடிக்க வருகிறவர் குந்தி உட்கார்ந்து, ஓலையை மடித்துக் கட்டிய பட்டையை இரண்டு கையாலும் ஏந்த வேண்டும். தாசில்தாரின் சேவகன் வந்தாலும் வரிசையில்தான் நிற்க வேண்டும். பட்டை காலியானதும், குடித்தவர் தலை நிமிருமுன் இன்னும் கொஞ்சம் ஊற்றிவிடுவாள். அதுதான் கொசுறு. அதை ஊற்றாமல் ஒருவரை அனுப்புவது, பேசிக்கொண்டிருக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்வது மாதிரி.

வண்ணாரப்பேட்டையில் நூர்முகம்மதுவும் பாளையங்கோட்டையில் தில்லைநாயகம் பிள்ளையும் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறார்கள். இருவரும் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் சித்திரை மாதத்தில் பந்தயம் விடுவார்கள். பாளையங்கோட்டையில் புறப்பட்டு, செய்துங்கநல்லூர் போய்த் திரும்ப வேண்டும். 1912இல் இரண்டு ஆட்களுமே கிருஷ்ணாபுரத்தில் திரும்பிவிட்டு, பாதியில் திரும்பியவன் மற்றவன்தான் என்று சத்தியம் செய்தார்கள். கடைக்காரர்கள் இருவரும் மழைக்காலம் வரை பேசிக்கொள்ளவில்லை.

அதனால் மறுவருஷம் புது விதி வந்தது. ஓட்டுகிறவர்கள் முப்பிடாதியிடம் ஆளுக்கு ஒரு பட்டை பதநீர் குடிக்க வேண்டும். ஒரு சொட்டு சிந்தினாலும் ஆள் பந்தயத்தில் இல்லை. காலிப் பட்டையை அவளே தன் முடிச்சால் சைக்கிளில் கட்டி அனுப்புவாள். அந்த முடிச்சு வேறு யாருக்கும் வராது. இரண்டு கடைக்கும் பொதுவாக நிற்கத் தன்னைக் கேட்டார்களே என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. திருச்செந்தூர் போவதற்கென்று வைத்திருந்த சேலையை அன்று காலையிலேயே உடுத்திக்கொண்டு வந்துவிட்டாள்.

முதலில் வந்தவன் நூர்முகம்மதுவின் ஆள் பரமசிவன். ஒரே மூச்சில் குடித்தான். அவன் தலை நிமிருமுன் முப்பிடாதியின் கை, வழக்கம்போல, கொசுறை ஊற்றிவிட்டது. கொட்டினால் சிந்தியதாகிவிடும். விழி பிதுங்க அவன் மறுபடி குடிக்கத் தொடங்கினான்.

அதற்குள் பிள்ளையின் ஆள் இஸ்ரவேல் வந்து குந்தினான். இந்தத் தடவை முப்பிடாதி தன் வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டாள். அவன் பட்டை காலியானபோதும் பரமசிவன் கொசுறில் பாதியில்தான் இருந்தான். அவள் முகம் வெளுத்துவிட்டது. மறைக்கத் தெரியாமல், தன் கை தப்புச் செய்துவிட்டது என்று கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னாள். பிறகு முடிச்சுப் போடப் பட்டையைக் கேட்டாள்.

இஸ்ரவேல் கொடுக்கவில்லை. "அவனுக்கு ஊத்துனீங்கல்லா, எனக்கு ஏன் இல்ல? ஊத்துங்கக்கா. வயித்துக் கனம் ரெண்டு பேருக்கும் ஒண்ணா இருக்கட்டும்" என்றான்.

அவள் ஊற்றினாள். முடிச்சு விழுந்ததும் இருவரும் சேர்ந்தே சைக்கிளில் ஏறினார்கள். வழியெல்லாம் வயிற்றுக்குள் பதநீர் குலுங்கிய சத்தம் கேட்டதாகப் பரமசிவன் பின்னால் சொன்னான். பாளையங்கோட்டையில் ஒரு சக்கர தூரத்தில் ஜெயித்தவனும் அவன்தான்.

பிள்ளை விடவில்லை. விதி ஒரு பட்டைதான், பரமசிவன் அதற்கு மேல் குடித்தான், ஆகவே அவனைத் தள்ள வேண்டும் என்றார். இஸ்ரவேலும்தானே குடித்தான் என்று நூர்முகம்மது கேட்டதற்கு, அப்படியானால் பந்தயமே செல்லாது என்றார். மறுநாள் காலை எல்லோரும் பனைமரத்தடிக்குப் போனோம். போகிற வழியில்தான் பிள்ளை என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

முப்பிடாதி பழைய சேலையில் நின்றாள். "குத்தம் என் கையோடது அண்ணாச்சி. அந்தப் பிள்ளைகள ஒண்ணும் சொல்லாதீங்க. முடிச்சுப் போட வேற ஆள பாத்துக்கிடுங்க" என்றாள்.

வெயில் ஏறிவிட்டது, குடித்துவிட்டுப் பேசலாம் என்றார் நூர்முகம்மது. அவர் குந்திக் குடித்தார். கொசுறும் விழுந்தது. அடுத்தது பிள்ளை. குடித்து முடித்து, குனிந்த தலை நிமிராமல், பட்டையை ஏந்தியபடியே இருந்தார். ஒன்றும் விழவில்லை. முப்பிடாதி கலயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

"என்னளா, ஊத்து."

"விதி ஒரு பட்டைதான அண்ணாச்சி?"

"அவருக்கு ஊத்துனேல்லா, எனக்கு ஏன் இல்ல?"

"இதைத்தான் அண்ணாச்சி நேத்து நானும் கேட்டேன்" என்றான் இஸ்ரவேல்.

முதலில் சிரித்தது நூர்முகம்மது. பிள்ளை முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளத்தான் பார்த்தார். கையிலிருந்த பட்டை குலுங்கிக் காட்டிக்கொடுத்துவிட்டது. "சரிளா, ஊத்து. அடுத்த வருசமும் நீயே ஊத்து" என்றார். ஜெயித்தவன் பரமசிவன்தான் என்று அங்கேயே ஒத்துக்கொண்டார். முப்பிடாதி அவர் பட்டையில் விளிம்பு வரை ஊற்றினாள்.

இப்போது விதி, ஒரு பட்டையும் ஒரு கொசுறும். இந்தச் சித்திரையிலும் முடிச்சு முப்பிடாதியுடையதுதான்.

சைக்கிள் மிதிக்கிற யாரைப் பார்த்தாலும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்கள் செய்துங்கநல்லூர்ப் பக்கம் போகிறவர்களானால், பட்டை காலியானதும் உடனே எழுந்துவிட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.