அசையாத கிளி

மலாயாவின் ஈப்போவில் நான் படம் பிடிக்கும் கடை வைத்திருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள். ரப்பர் விலை ஏறி, வெள்ளைக்காரத் துரைமார் கையில் பணம் புரண்ட நேரம். செமோர் பக்கத்துத் தோட்டத் துரை பறவைகள் வாங்கினார். பங்களாவுக்குப் பின்னால், ஆள் நடமாடுகிற அளவுக்குக் கம்பி வலைக் கூண்டு கட்டி, கப்பலில் வந்த பறவைகளை அதில் விட்டார். அவற்றைப் படமெடுத்து வர்ணம் தீட்டித் தரச் சொல்லி எனக்கு ஆள் அனுப்பினார்.

கூண்டைப் பார்த்துக்கொண்டவர் ஒரு தமிழர். ரப்பர் பாலெடுக்க மரம் வெட்டப் போன இடத்தில் சறுக்கி விழுந்து கால் ஊனமானவர். அவர் மனைவி இன்னும் மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே நுழைந்ததும் பெரிய பஞ்சவர்ணக் கிளி ஒன்று தோளில் ஏறிக்கொண்டது.

"துரைசாணி கிளிண்ணே இது. அந்தம்மா கிட்டப் போனா கடிச்சிரும்" என்று சிரித்தார்.

அடர்ந்த மரநிழல். படம் பதியும் என் கண்ணாடித் தட்டுகளுக்கு வெளிச்சம் போதவில்லை. பறவைகள் அசைந்துகொண்டே இருந்தன. துரை பொறுமையிழந்து, வெடித்து ஒளிவிடும் வெளிச்சப் பொடியைக் கொளுத்தச் சொன்னார். பறவைகள் மிரளும் என்றேன். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் அவன் இருக்கிறான் என்றார்.

"சத்தம் வருமாண்ணே?"

"வரும். கிளியப் புடிச்சுக்குங்க."

"எங் கை படத்துல விழுந்தா துரை ஏசுவாருண்ணே."

கிளியைக் கிளையில் விட்டுவிட்டு ஒதுங்கினார். பொடி வெடித்தது. கூண்டு முழுக்கப் புகை, அலறல், இறகு. புகை கலைந்தபோது பஞ்சவர்ணக் கிளி கம்பி வலையடியில் கழுத்து முறிந்து கிடந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த துரைசாணி அழுதாள். அழுது முடித்ததும், ஞாபகத்துக்கு ஒரு படமாவது வேண்டும் என்றாள். கிளியின் கால்களைக் கம்பியால் கிளையோடு கட்டும் வேலையும் கூண்டு பார்ப்பவருக்கே வந்தது. கழுத்து தொங்காமலிருக்கப் பின்னால் ஒரு குச்சி வைத்தார். இப்போது வெளிச்சம் குறைவாக இருந்தும் பாதகமில்லை, நிதானமாக எடுத்தேன்.

என் படப் பெட்டியை மூடுவதற்குள் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார் துரை. கொளுத்தியது நான், சொன்னது நீங்கள், அவர் மேல் என்ன குற்றம் என்று கேட்டேன். படத்தை ஒழுங்காகக் கழுவி அனுப்பு என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தோட்டக் கங்காணி அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டையும் காலி செய்யச் சொன்னான். மரம் வெட்டும் வேலையும் போய், அவர் மனைவி என்னிடம் வந்தாள்.

"வெடி போட்டவங்க பங்களாவுல இருக்காங்க. நாங்க ரோட்டுல நிக்கணுமா? எனக்கு ஏன் வேல இல்லங்கிறாங்க?"

கடையில் வேலை தருகிறேன் என்று அவள் புருஷனிடம் சொன்னேன்.

"வேணாண்ணே. அந்தப் பொட்டியப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது." காம்பார் ஈயச் சுரங்கத்துக்குப் போவதாகச் சொன்னார், அந்தக் காலோடு.

அன்றைய படங்களில் செத்த கிளியின் படம் ஒன்றுதான் தெளிவாக வந்தது. சிவப்பும் நீலமும் மஞ்சளும் தீட்டினேன். மூடியிருந்த கண்ணைத் திறந்த கண்ணாக வரைந்தேன். பார்த்த துரைமாரெல்லாம் உயிரோடு இருப்பதுபோலவே இருக்கிறது என்றார்களாம். அவர்களும் தங்கள் நாய்களையும் குதிரைகளையும் படமெடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். போனேன்.

சில மாதம் கழித்துக் காம்பாரில் விசாரித்தேன். ஈயம் அரிக்கத் தண்ணீரில் நிற்க முடியாத ஆளை வைத்து என்ன செய்வது என்று அங்கேயும் அனுப்பிவிட்டார்களாம். புருஷனும் பெண்சாதியும் எந்தப் பக்கம் போனார்கள் என்று சொல்ல ஆளில்லை.